லவாலில் ஒரு கடதாசிக் கோப்பை

1

ஊரிலிருந்து தொலைபேசி எடுப்பவர்கள் எல்லோரும் கொஞ்ச நாளாக ஒரே கேள்வியோடுதான் தொடங்குகிறார்கள். "மெலனியின்ரை கலியாணம் என்ன மாதிரி?" என் தங்கை கேட்டாள். கன்னியாஸ்திரியாக இருக்கும் மச்சாள் கேட்டாள். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்து, இன்றுவரை ஒருமுறைகூட என் சுகம் விசாரிக்காத ஒருவரும் கேட்டார். தனித்தனியாகச் சொல்லி வாய் உளைந்துவிட்டது. ஆகவே எல்லோருக்குமாக ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். இதை வாசித்த பிறகும் எடுத்துக் கேட்பவர்களுக்கு என் மனைவி றீற்றா பதில் சொல்லுவாள். அவளுடைய பதில் இதைவிடச் சுருக்கமாக இருக்கும்.

மொன்றியல் தீவின் தென்மேற்கு மூலையில், லாசாலில், மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் இருக்கிறோம். நான் குளிர்சாதனக் கிடங்கு ஒன்றில் பெட்டி அடுக்குகிறேன். வெளியே பனி, உள்ளேயும் பனி. உள்ளே நிற்பதற்குச் சம்பளம் தருகிறார்கள், அதுதான் வித்தியாசம். றீற்றா ஒரு கார்டெரியில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில், சமைக்கிறாள். மெலனி எங்கள் ஒரே பிள்ளை. இங்கே பிறந்தவள். சிநேகிதிகளோடு பிரெஞ்சு, கணினியோடு ஆங்கிலம், எங்களோடு, பசித்தால், தமிழ். மருந்தகம் ஒன்றில் வேலை செய்கிறாள்.

அவளும் றொஷான் என்ற பையனும் பல்கலைக்கழகக் காலத்திலிருந்தே விருப்பம். போன மாரியில்தான் எங்களிடம் சொன்னாள். பையன் வீடு மொன்றியலுக்கு வடக்கே, லவாலில். தமிழ்ப் பையன், கத்தோலிக்கன், யாழ்ப்பாணத்துத் தாய் தகப்பன். இதைக் கேட்டதும் றீற்றா அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். எனக்கு மட்டும் சந்தோஷம் வரவில்லை. சீனப் பையனையோ இத்தாலியப் பையனையோ கூட்டி வந்திருந்தால் ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு ஓம் என்றிருப்பேன். எங்கள் ஆள் என்பதுதான் பயம்.

ஊரவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தக் குறிப்பு வேறு கைகளுக்கும் போகும் என்பதால் சொல்லி வைக்கிறேன். எங்கள் ஊர்த் தேவாலயத்தில் எங்கள் சாதி ஆட்கள் பின்னால், வாசலடியில், நிலத்தில்தான் இருக்கலாம். சந்தித் தேநீர்க்கடையில் மற்றவர்களுக்குக் கண்ணாடிக் குவளை. எங்களுக்கு வெளியே கம்பியில் கொழுவியிருக்கும் தகரப் பேணி. குடித்துவிட்டு நாங்களே கழுவிக் கொழுவ வேண்டும். அறுபதுகளில் என் அண்ணை இன்னும் சில பொடியன்களோடு கடைக்குள் போய், மற்றவர்களோடு வாங்கில் இருந்து, கண்ணாடிக் குவளையில் தேநீர் கேட்டார். தேநீர் வரவில்லை, பொல்லு வந்தது. அண்ணையின் இடக்கை அதற்குப் பிறகு நிமிரவேயில்லை. யேசுவுக்குச் சாதி தெரியாது, உண்மைதான். யேசுவின் ஆட்களுக்கு நன்றாகத் தெரியும்.

மெலனிக்கு இதில் ஒன்றும் தெரியாது. பெரியப்பா மரத்தால் விழுந்து கை முறிந்தவர் என்றே அவளுக்குச் சொல்லி வைத்திருந்தோம். நான் இங்கே வந்தபோது குடிவரவு அதிகாரிகள் கேட்காத கேள்வி இல்லை. காசநோய் உண்டா, சிறையில் இருந்தாயா, தாயின் கன்னிப் பெயர் என்ன, அதை எப்படி எழுத்துக்கூட்டுவது, ஏன் ஒவ்வொரு தாளிலும் வேறு வேறாக எழுதியிருக்கிறாய். அத்தனை பத்திரங்களிலும் ஒரேயொரு கேள்வி இருக்கவில்லை. கட்டம் கட்டமாகத் தேடிப் பார்த்தேன், இல்லை. அன்று அந்தக் கடதாசிக் கட்டின் மேல் எனக்கு ஒரு அன்பே வந்துவிட்டது. மகள் பிறந்தபோது றீற்றாவும் நானும் பேசி முடிவெடுத்தோம்: அந்தக் கேள்வி இந்த நாட்டுக்கு வர வேண்டாம்.

2

ஏர்லைப் பற்றிச் சொல்லாமல் மிச்சத்தைச் சொல்ல முடியாது.

ஏர்ல் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தனியாக இருக்கிறார். அமெரிக்கக் கறுப்பர். என்னோடு அதே கிடங்கில் வேலை செய்து இளைப்பாறியவர். வியட்நாம் போருக்கு ஆள் எடுத்த காலத்தில், போகமாட்டேன் என்று எல்லை கடந்து வந்தவர். ஆக அவரும் என்னைப் போல் ஓடி வந்தவர்தான். அவர் பஸ்ஸில் வந்தார். நான் நாலு நாட்டு விமான நிலையங்களில் படுத்தெழும்பி வந்தேன்.

கிடங்கு எங்கள் இருவரையும் மாலைநேரப் பிரெஞ்சு வகுப்புக்கு அனுப்பியது. விடுமுறையை எப்படிக் கழித்தீர்கள் என்று ஆசிரியை கேட்டா. ஏர்ல் மிகுந்த மரியாதையோடு, "நான் ஒரு விடுமுறை" என்று பதில் சொன்னார். நான் சிரித்தேன். அடுத்ததாக என்னைக் கேட்டா, அவர் சிரித்தார். சிநேகிதம் அப்படித்தான் தொடங்கியது. நாங்கள் கதைப்பது ஆங்கிலத்தில். அதை என் தமிழில்தான் இங்கே தருகிறேன். ஏர்ல் யாழ்ப்பாணத்தார் போலக் கதைத்தால் குற்றம் என்னுடையது.

அவருடைய கதை எனக்குத் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. சாப்பாட்டு இடைவேளை அரை மணித்தியாலம்தானே. அமெரிக்காவின் தெற்கில் ஒரு சின்னப் பட்டினம். ஐம்பதுகளில் அவருடைய அம்மா வெள்ளையர் வீட்டில் சமையல் வேலை. பஸ்ஸில் பின்னால்தான் இருக்கலாம். வெள்ளையர் வந்து நின்றால் அதிலிருந்தும் எழும்ப வேண்டும். இனி பஸ் வேண்டாம் என்று கறுப்பர் எல்லோரும் நடக்கத் தொடங்கியபோது அம்மாவும் நடந்தா. வேலைக்குப் போக நடை, வேலை முடிந்து வர நடை. "ஊர்வலத்திலை பேசின ஆக்களைப் பற்றிப் புத்தகம் இருக்கு. அம்மாவின்ரை காலைப் பற்றி ஒண்டும் இல்லை," என்பார்.

பிறகு அறுபதுகள். கடையில் இருந்து சாப்பிட ஒரு போராட்டம், பள்ளிக்கூடத்துக்கு ஒரு போராட்டம், வாக்குப் போட ஒரு போராட்டம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அடி வாங்க வேண்டியிருந்தது. சட்டங்கள் வந்தன. 'வெள்ளையருக்கு மட்டும்' என்ற பலகைகளைக் கழற்றினார்கள். முன்பு கறுப்பரைக் கூட்டித் துடைக்க மட்டும் எடுத்த ஆலை ஒன்றில் ஏர்லின் தம்பிக்கு இயந்திரத்தில் வேலை கிடைத்தது. வீட்டில் கேக் வெட்டினார்களாம். கொஞ்சக் காலத்தில் ஆலையையே மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த பிள்ளைகளைப் பொலிஸ் தெருவில் மறிக்கத் தொடங்கியது. அந்தத் தம்பியின் மகன் ஒருவன் சிறையில்தான் ஆளானான். மகள் ஒருத்தி சட்டம் படித்து வழக்கறிஞரானாள். இரண்டும் ஒரே வீட்டில். முன்னேறியதா பின்னேறியதா என்று கேட்டால் ஏர்ல், "எந்தப் பிள்ளையைக் கேக்கிறாய்?" என்று திருப்பிக் கேட்பார்.

இங்கே வந்தும் அவர் சும்மா இருக்கவில்லை. எங்கள் கிடங்கில் ஒரு கறுப்பரும் மேற்பார்வையாளராக ஆனதில்லை. ஏர்ல் பழக்கிவிட்ட வெள்ளைப் பொடியன்கள் ஆனார்கள். அவர் அரசாங்கத்துக்கு முறையிட்டார். பத்திரம் பிரெஞ்சில், பதில் பிரெஞ்சில், பதிலுக்குப் பதிலும் பிரெஞ்சில். கடைசியில் அவர்கள் கேட்டது ஒன்றைத்தான்: கறுப்பர் என்பதால்தான் தரவில்லை என்பதற்கு ஆதாரம் என்ன? ஆதாரம் எங்கே இருக்கும்? மேலாளர் ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் ஏர்லைக் கட்டிப்பிடித்து வாழ்த்துகிற நல்ல மனிதர். முறைப்பாட்டுக் கோவையை மூடினார்கள்.

அன்று சாப்பாட்டு மேசையில் அவர் சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம். "பலகை இருந்த காலத்திலை சண்டை லேசு. வெள்ளையருக்கு மட்டும் எண்டு எழுதிக் கிடக்கும். படம் எடுக்கலாம், நீதிமன்றத்திலை காட்டலாம். இப்ப பலகை இல்லை. அது இருக்கெண்டு காட்ட வேண்டியதும் நாங்கள்தான். காட்டேலாட்டி விசரர் எண்டு பேர் எடுக்கிறதும் நாங்கள்தான்."

எங்கள் தேநீர்க்கடையில் பலகையே இருந்ததில்லை, ஆனாலும் எல்லோருக்கும் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். இடைவேளை மணி அடித்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ மணி அடித்தது, நான் சொல்லவில்லை.

இப்போது ஒரு கறுப்பர் அமெரிக்க ஜனாதிபதி வேட்பாளராகப் போட்டியிடுகிறார். ஏர்ல் வீட்டு வானொலி நிற்பதேயில்லை. நம்புகிறீரா என்று கேட்டால் சத்தத்தைக் கூட்டுகிறார்.

3

றொஷானின் அம்மா முதன்முதலில் எங்களோடு தொலைபேசியில் கதைத்தபோது குரலில் தேன் வடிந்தது. பிள்ளையைப் புகழ்ந்தா, குளிரைத் திட்டினா. பிறகு கேட்டா:

"ஊரிலை எவடம் அண்ணை?"

ஊரின் பெயரைச் சொன்னேன்.

"அது றொஷான் சொன்னவன். அதிலை எவடம்?"

"கோயிலடி."

"கோயிலுக்கு முன்பக்கமோ, பின்பக்கமோ?"

"பின்பக்கம்."

"ஓ," என்றா. கொஞ்சம் பொறுத்து, "நல்லது அண்ணை," என்றா.

அந்த 'ஓ'வுக்குப் பிறகு ரொறொன்ரோவுக்கும் பாரிஸுக்கும் ஊருக்கும் எத்தனை அழைப்புப் போயிருக்கும் என்று கர்த்தருக்குத்தான் தெரியும். ஊரில் குண்டு விழுந்துகொண்டிருக்கிறது. குண்டு ஒருநாளும் முன்பக்கமோ பின்பக்கமோ என்று கேட்டதில்லை. எங்கள் சனம் கேட்கிறது.

சம்பந்தம் அதோடு சரி என்று நினைத்தேன். ஆனால் பையன் பிடிவாதமாக நின்றிருக்கிறான். தை மாதக் கடைசியில், வந்து வீட்டைப் பாருங்கோ என்று அழைப்பு வந்தது. அந்தச் சனிக்கிழமை பார்த்து என் காரின் பற்றரி குளிரில் செத்துப்போனது. ஏர்ல் தன் காரில் கூட்டிப்போனார். வெளியே இருந்து வானொலி கேட்கிறேன் என்றவரை றொஷான்தான் விடவில்லை. "இந்தக் குளிருக்கை ஆரும் காருக்கை இருக்கிறதே?" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். நல்ல பையன். அதையும் நான் எழுதத்தான் வேண்டும்.

புது வீடு. உள்ளே கூடத்தில் கண்ணாடி அலுமாரி, அதற்குள் தங்க விளிம்பு போட்ட பீங்கான் கோப்பைகள் ஒரு தொகுதி. றொஷானின் அப்பா கலகலப்பான மனிதர். ஏர்ல் அமெரிக்கர் என்று அறிந்ததும் கதிரையை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு தேர்தல் கதைக்கத் தொடங்கிவிட்டார்.

"உங்கடை ஆள் வெல்லுவார், பாருங்கோ. உலகம் மாறீட்டுது. என்ரை காலத்திலை இதைக் காணுவன் எண்டு நான் நினைக்கேல்லை," என்று சொல்லி ஏர்லின் முழங்காலில் தட்டினார். கண்கூடக் கொஞ்சம் கலங்கியது. பொய் இல்லை, மனிதர் உண்மையாகவே சந்தோஷப்பட்டார்.

அந்த நேரம் றொஷானின் அம்மா தட்டோடு வந்தா. தட்டில் மூன்று பீங்கான் கோப்பை, மூன்று கடதாசிக் கோப்பை. பீங்கானை வீட்டுக்காரர் மூவரும் எடுத்தார்கள். கடதாசிக் கோப்பைகள் எனக்கும் றீற்றாவுக்கும் ஏர்லுக்கும் வந்தன. மெலனி தேநீர் குடிக்க மாட்டாள். அவள் ஒரு சோடாத் தகரத்தை எடுத்துக்கொண்டு றொஷானோடு வீட்டின் மேல்மாடி பார்க்கப் போய்விட்டாள்.

எங்கள் சனத்தின் வீட்டில் விருந்தாளி வந்தால்தான் அலுமாரி திறபடும். வீட்டுக்காரர் கைப்பிடி உடைந்த கோப்பையில் குடித்தாலும் வந்தவருக்குத் தங்க விளிம்பு. இங்கே அது தலைகீழாக இருந்தது. றீற்றா என்னைப் பார்த்தாள். நான் றீற்றாவைப் பார்த்தேன். கடதாசி நல்ல வசதிதான். கழுவிக் கொழுவச் சொல்லி வெளியே அனுப்ப வேண்டியதில்லை, குடித்ததும் அவர்களே குப்பையில் போட்டுவிடலாம்.

நான் குடித்தேன். சிரித்துக்கொண்டு, கடைசி மிடறு வரைக்கும். தேநீர் நன்றாக இருந்தது. ஏர்ல் குடிக்கவில்லை. உலகம் மாறியதைப் பற்றி றொஷானின் அப்பா சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டியபடி, ஆறும்வரை கோப்பையைக் கையில் வைத்திருந்துவிட்டு அப்படியே மேசையில் வைத்தார்.

4

திரும்பி வரும்போது பாலத்துக்கு முன்னால் பனி வாரும் வண்டி ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டோம். நான் முன்னால் ஏர்லின் பக்கத்தில். பின்னால் மெலனியும் றீற்றாவும். மெலனி சந்தோஷமாக இருந்தாள். மேல்மாடியில் ஒரு அறை பின்னேர வெயில் விழுகிற அறையாம், அதை எங்களுக்கென்று ஒதுக்கி வைப்பார்களாம், நாங்கள் வந்தால் தங்க.

ஏர்ல் தொண்டையைச் செருமினார்.

"நான் உள்ளுக்கு வந்திருக்கப்படாது," என்றார். "உங்கடை காரியத்தைக் கெடுத்திட்டன்."

"என்ன?" என்றேன்.

"அந்தக் கப். எனக்கு மட்டும் கடதாசியிலை தந்தா அப்பட்டமாத் தெரியும் எண்டு உங்கள் ரெண்டு பேருக்கும் சேத்துத் தந்திட்டா. மரியாதையான மனுசி. நான் உப்பிடிக் கனக்கக் கண்டிட்டன், எனக்கு ஒண்டும் இல்லை. ஆனா உங்களை அவமானப்படுத்தினது என்னாலை. மன்னிச்சுக்கொள்."

மெலனி முன்னுக்குச் சாய்ந்தாள். "என்ன கப்? றொஷானின்ரை அம்மா றேசிஸ்டோ?" அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் றொஷானோடை கதைக்கிறன். ஏர்ல், சொறி. அவைக்காக நான் சொறி."

இப்போது நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். எல்லாம் ஒழுங்காகிவிடும். மெலனி றொஷானைப் பேசுவாள், றொஷான் அம்மாவைப் பேசுவான், அம்மா ஏர்லுக்கு ஒரு மன்னிப்புச் சொல்லுவா, பங்குனியில் கோயிலில் கலியாண ஓலை எழுதலாம். பின்னாலிருந்து றீற்றாவின் கை வந்து என் தோளில் அழுத்தியது. இருபத்தைந்து வருஷத் தாம்பத்தியத்தில் அந்த அழுத்தலுக்கு எனக்கு அகராதி தேவையில்லை.

ஆனால் ஏர்ல் அழுக்கு வெள்ளையாகத் தெரிந்த றோட்டைப் பார்த்தபடி என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். தனக்கு வந்ததையெல்லாம் ஆயுசு முழுக்கச் சுமந்த மனிதர், இப்போது எனக்கு வந்ததையும் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டிருக்கிறார். அதைப் பார்க்க எனக்கு வெட்கமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது.

"அது உமக்கில்லை, ஏர்ல்," என்றேன். "அது எங்களுக்கு. நீர் வராட்டியும் எங்களுக்குக் கடதாசிதான்."

றீற்றாவின் கை தோளிலிருந்து எடுபட்டது.

"எங்களுக்கு ஏன்?" என்றாள் மெலனி. "அவையும் எங்கடை ஆக்கள்தானே. அதே நிறம்."

"நிறம் இல்லை, பிள்ளை."

"அப்ப என்ன?"

வாசலடியையும் தகரப் பேணியையும் சொன்னேன். பெரியப்பா மரத்தால் விழவில்லை என்பதைச் சொன்னேன். மகளுக்கு விளங்க வேண்டும், ஏர்லுக்கும் விளங்க வேண்டும் என்று தமிழும் ஆங்கிலமுமாக, இடையில் ஏனோ ஒரு பிரெஞ்சுச் சொல்லும் விழுந்தது. சொல்லி முடிய பனி வாரும் வண்டி வேறு பாதையில் திரும்பிப் போயிருந்தது. ஏர்ல் வேகத்தைக் கூட்டவில்லை.

"பாத்தா ஒரே ஆக்களாத்தானே இருக்கிறீங்கள்," என்றார். "எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

"கேப்பினம். கோயிலுக்கு முன்பக்கமோ, பின்பக்கமோ எண்டு."

ஏர்லுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "எங்களுக்கு அந்தக் கேள்வியாவது மிச்சம், பாத்தாலே தெரியும்," என்றார். நானும் சிரித்தேன். என்ன செய்வது, அழுவதற்கும் தெம்பு வேண்டும்.

மெலனி சிரிக்கவில்லை. ஏர்லிடம், உங்கள் ஊரில் கடைக்காரர் தராவிட்டால் என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். அவர் தன் அக்காவைப் பற்றிச் சொன்னார். பட்டினத்துக் கடையொன்றில் வெள்ளையர் இருந்து சாப்பிடும் இடத்தில் அக்காவும் வகுப்புப் பிள்ளைகளும் போய் இருந்து, கோப்பி கேட்டார்களாம். தலையில் சீனியைக் கொட்டினார்கள், காதுக்குள் கத்தினார்கள். அக்கா புத்தகத்தை விரித்துச் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தா. ஏர்ல் சின்னவர், தெருவின் மறுகரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"கடைசியிலை கோப்பி குடுத்தவையோ?"

"குடுத்தவை. ஆனா அக்காவுக்குக் கோப்பி பிடிக்காது. அவ வீட்டிலை ஒருநாளும் குடிக்கிறேல்லை."

மெலனி என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, நீங்கள் அதைக் குடிச்சனீங்களோ?"

"குடிச்சன்."

"தெரிஞ்சும்?"

"உனக்காக."

"எனக்குப் பிறக்கிற பிள்ளைக்கு அவை எந்தக் கப்பிலை குடுப்பினம்?"



5

மெலனி அன்றிரவே றொஷானோடு கதைத்தாள். அறைக் கதவு சாத்தியிருந்தது, பிரெஞ்சு வேகமாக ஓடியது. எனக்குப் பிடிபட்டது 'மிகைப்படுத்துகிறாய்' என்ற சொல் மட்டும்தான். அது அவன் சொன்னதை இவள் திருப்பிச் சொன்னது. அம்மாவுக்குக் கழுவுகிற வேலை மிச்சம், அதுதான் கடதாசி என்றானாம். அப்படியென்றால் நீங்கள் மூன்று பேரும் ஏன் பீங்கானில் குடித்தீர்கள் என்று கேட்டாளாம். அவனுக்கு உண்மையாகவே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். நாங்கள் எங்கள் பிள்ளைக்கு மறைத்தோம். அவர்கள் தங்கள் பிள்ளைக்கு மறைத்தார்கள்.

அவன் போய்த் தாயைக் கேட்டிருக்கிறான். தாய் அழுதிருக்கிறா. பிறகு எங்களுக்குத் தொலைபேசி எடுத்தா.

"என்ன அண்ணை உப்பிடி நினைச்சிட்டியள்? இந்தக் காலத்திலை ஆர் உதெல்லாம் பாக்கிறது? சாதி கீதியெல்லாம் ஊரோடை போச்சு."

முழுப் பூசினிக்காயைச் சோற்றில் மறைப்பதென்றால் இதுதான். ஆனால் எனக்கு வாதாட ஏலாது. ஆதாரம் கேட்டால் எங்கே போவேன்? அந்தக் கோப்பைகள் லவால் நகரசபையின் குப்பை வண்டியில் ஏறிப்போய்விட்டன. "இல்லைத் தங்கச்சி, நாங்கள் ஒண்டும் நினைக்கேல்லை," என்றேன். மெலனி என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினாள்.

"அன்ரி, அப்ப வாற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எங்கடை வீட்டை வாங்கோ."

வந்தார்கள். மூவரும் பூசை முடிந்து நேரே வந்தார்கள். அன்றும் பனி கொட்டிக்கொண்டிருந்தது. றீற்றா முதல்நாளே தொடங்கிச் சமைத்திருந்தாள்: ரோல்ஸ், பற்றிஸ், கேக், ஆட்டிறைச்சிக் கறி, புட்டு. வெளிநாடு போகிற பிள்ளைக்குச் சாமான் கட்டுவது போல் மேசை முழுக்க அடுக்கி வைத்திருந்தாள். எங்கள் வீட்டிலும் நல்ல கோப்பைகள் உண்டு. அவற்றை எடுத்தாள்.

"ஐயோ, ஏன் மெனக்கெட்டனீங்கள்? நாங்கள் இப்பத்தான் சாப்பிட்டிட்டு வாறம்," என்றா றொஷானின் அம்மா.

"தேத்தண்ணியாவது குடியுங்கோ," என்றாள் றீற்றா.

"தவக்காலமெல்லோ. நான் தேத்தண்ணி குடிக்காமல் ஒறுத்திருக்கிறன்."

தவக்காலம் இம்முறை நேரத்தோடு வந்துவிட்டது, அது உண்மை. ஆனால் ஞாயிற்றுக்கிழமையில் ஒறுத்தல் இல்லை என்பது முதல்நன்மைக்கு மறைக்கல்வி படிக்கிற பிள்ளைக்கும் தெரியும். றொஷானின் அப்பா எங்கள் முகத்தைப் பார்த்தார். தன் கோப்பையை எடுத்து, சூட்டையும் பாராமல், கசாயம் குடிப்பது போல் ஒரே மூச்சில் குடித்து முடித்தார். பிறகு பனியைப் பற்றிக் கதைத்தார். குடித்தாரே, அதற்கே எனக்கு நன்றி சொல்லவேண்டும் போல் இருந்தது. அப்படி நினைத்ததற்காக என் மேலேயே எரிச்சலும் வந்தது.

மெலனி எழும்பிக் குசினிக்குப் போனாள். கண்ணாடிக் குவளை ஒன்றில் தண்ணீர் கொண்டுவந்து றொஷானின் அம்மாவுக்கு முன்னால் வைத்தாள்.

"தண்ணி ஒறுத்தல் இல்லைத்தானே அன்ரி?"

"பிறகு குடிக்கிறன் பிள்ளை."

"ஓம் அன்ரி. ஆறுதலாக் குடியுங்கோ. நான் இருக்கிறன்."

எதிர்க் கதிரையில் இருந்தாள். முகத்தில் கோபமில்லை. கைத்தொலைபேசியை எடுக்கவில்லை, என்னையோ தாயையோ பார்க்கவில்லை, எழும்பவும் இல்லை. எங்கள் ஊரில், ஒருவரோடு தண்ணி வென்னி புழங்குவதில்லை என்றால் அவர் சாதி குறைந்தவர், அவர் கையால் தண்ணீரும் வாங்கமாட்டோம் என்று கருத்து, உங்களுக்குத் தெரியும். அவளுக்கு அந்தச் சொற்கள் தெரியாது. யாரும் சொல்லிக் கொடுக்காமலே தண்ணீரில் போய் நின்றிருக்கிறாள்.

றொஷானின் அப்பா பனி பற்றிச் சொல்ல இருந்ததையெல்லாம் சொல்லி முடித்தார். றீற்றா கேக்கை வெட்டி, வெட்டிய துண்டுகளை இன்னும் சின்னதாக வெட்டினாள். நான் இந்த நாடகத்தை நிறுத்திவிடலாமா என்று பார்த்தேன். விடு பிள்ளை, அவ வயசு போனவ, கலியாணம் முடிந்தால் எல்லாம் சரிவரும் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அண்ணையின் தகப்பனும் அப்படித்தான் சொன்னார், அதாவது என் அப்பா. அடிபட்டுக் கிடந்த மகனின் தலைமாட்டில் இருந்து, விடடா, பேணியிலை குடிச்சா என்ன, தேத்தண்ணி ஒண்டுதானே என்றார். நான் ஒரு துண்டு கேக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

றொஷானின் அம்மா ஒருமுறை குவளையைத் தொட்டா. விரலால் கொஞ்சம் நகர்த்தினா. பிறகு வெளியே பார்த்து, "பனி கூடப் போகுது. வெளிக்கிடுவம்," என்றா. கண் சிவந்திருந்தது. பொல்லாத மனுசி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவவுக்கும் தாகமாகத்தான் இருந்திருக்க வேண்டும். வெளிக்கிடும்போது உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டு போனா.

அவர்களைக் காரில் ஏற்றிவிட்டு றொஷான் மேலே ஓடி வந்தான். தாயின் கையுறை கதிரையில் கிடந்தது. மேசையில் இருந்த குவளையைப் பார்த்தான். நிறைந்தபடி இருந்தது. பிறகு அதைக் கையில் எடுத்து வாய்க்குக் கொண்டுபோனான்.

"வை," என்றாள் மெலனி. என்றுமில்லாமல் அவனோடு தமிழில் கதைத்தாள், எங்களுக்கு விளங்க வேண்டும் என்றுதான். "அது உனக்கு வைச்சதில்லை."

அவன் குவளையை வைத்தான்.

"அடுத்த ஞாயிறும் அன்ரியைக் கூட்டிக்கொண்டு வா."

"அம்மா குடிக்காட்டி?"

"அதுக்கடுத்த ஞாயிறும்."

"அப்ப கலியாணம்?"

"அன்ரி தண்ணி குடிச்ச பிறகு."